ஊட்டி, கொடைக்கானல் பயணத்தில் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது

மலைக்கு வரும் குடும்பங்கள் அறை வாடகை, டீசல், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வருகின்றன. டிப்ஸுக்கு மட்டும் கணக்கு இருப்பதில்லை. அதனால் ஹோட்டல் பில்லில் கேட்காமலே சேர்த்த பத்து சதவீதத்தைப் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். விடியற்காலைக் குளிரில் எழுந்து பாய்லர் மூட்டி வெந்நீர் கொடுத்தவருக்கோ, அறையைப் பெருக்கியவருக்கோ ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. எந்தப் பணம் கட்டாயம், எது உங்கள் விருப்பம், யாருடைய கையில் கொடுத்தால் உழைத்தவருக்குச் சேரும் என்பதை நீலகிரியையும் பழனி மலையையும் வைத்து இங்கே வரிசையாகச் சொல்கிறோம். தொகைகளில் சட்டம் சொல்வதை அப்படியே தந்திருக்கிறோம். டிப்ஸ் தொகைகள் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய, வாங்குபவரும் மனம் குளிரக்கூடிய அளவாகப் பார்த்துச் சொன்னவை. கூட்டலாம், குறைக்கலாம்.

படி 1: பில்லில் இருக்கும் மூன்று பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

முதலாவது வரி. உணவக பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம்: சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரை. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே விகிதம்தான். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம் வரலாம். அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,000 ரூபாய் அறைக்கு வரி 350 ரூபாய். 8,000 ரூபாய் அறைக்கு 1,440 ரூபாய். சீசனில் வாடகை 7,500-ஐ ஒட்டி இருந்தால், கொஞ்சம் பேசிக் குறைத்தாலே வரியில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சமாகும்.

வரி போடுகிற பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண்கள் 33 என்று தொடங்கும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) பதிவு செய்த சிறிய உணவகங்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வசூலிக்கக் கூடாது. அந்த வரியை அவர்களே கட்ட வேண்டும். பில்லில் எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள்.

இரண்டாவது சர்வீஸ் சார்ஜ். இது அரசுக்குப் போகும் வரி கிடையாது. உணவகம் தானாகச் சேர்க்கும் தொகை. பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதன்படி உணவு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடமாட்டோம், பரிமாறமாட்டோம் என்று சொல்லக் கூடாது. உணவுத் தொகையோடு அதைக் கூட்டி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று அந்த நெறிகள் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது டிப்ஸ். முழுக்க உங்கள் விருப்பம்.

பில்லில் “எஸ்.சி.”, “ஸ்டாஃப் வெல்ஃபேர்”, “ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்” என்ற பெயர்களைக் கண்டால் அவை இரண்டாவது வகை என்று புரிந்துகொள்ளுங்கள். “எஸ்ஜிஎஸ்டி”யை சர்வீஸ் சார்ஜ் என்று நினைத்துச் சண்டை போடுபவர்களும் உண்டு. அது மாநில அரசின் வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

படி 2: மலை ஏறும் முன் சில்லறை

டிப்ஸ் கொடுக்காமல் போவதற்கு மனம் இல்லாததை விட சில்லறை இல்லாததே பெரும்பாலும் காரணம். ஏடிஎம்மில் பல நேரம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் வரும். சீசனில் ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ கொடைக்கானல் ஏழு ரோட்டிலோ யாரும் மாற்றித் தரமாட்டார்கள். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ பெட்ரோல் போடும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு பேர், இரண்டு இரவு, மூன்று நாள், வாடகைக் கார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். பெட்டி தூக்க வரும்போதும் போகும்போதும் 50 வீதம் 100. அறை சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு 100 வீதம் 200. விடுதியில் காலை டிபன் பரிமாறுபவர்களுக்கு 100. வெளியே மூன்று வேளைச் சாப்பாடு சுமார் 3,600 ரூபாய் என்றால் ஏழு சதவீதம், ஏறக்குறைய 250. படகோட்டிக்கு 50. டிரைவருக்கு நாளுக்கு 200 வீதம் 600. ஆக 1,300 ரூபாய். நூறு ரூபாய்த் தாள் எட்டும் ஐம்பது ரூபாய்த் தாள் பத்தும் தனிக் கவரில் போட்டு வையுங்கள். மணிபர்சில் கலந்துவிட்டால் டீக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விடும்.

ஜிபே போதுமே என்று நினைக்க வேண்டாம். அவலாஞ்சி, மன்னவனூர், கூக்கால் பக்கமெல்லாம் சிக்னலை நம்ப முடியாது. இன்னொன்று: மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் முதலாளியின் கணக்குக்குப் போகும். அதில் கூடுதலாகப் போட்ட பணம் பரிமாறியவருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யுபிஐ-தான் வழி என்றால் அவருடைய சொந்த எண்ணைக் கேட்டு அனுப்புங்கள்.

படி 3: உணவகத்தில்

உட்காரும் முன்பே மெனு கார்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் போடும் இடங்கள் அங்கேதான் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியிருப்பதாலேயே அது கட்டாயம் ஆகிவிடாது. ஆனால் எதிர்பார்த்து உட்காரலாம்.

பில் வந்ததும் கூட்டிப் பாருங்கள். சாப்பாடு 1,840 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 184, ஆக 2,024. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 101.20, மொத்தம் 2,125.20. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,840-உடன் வரி 92 சேர்ந்து 1,932 ரூபாய்தான். வித்தியாசம் 193.20. இதில் 9.20 ரூபாய், சர்வீஸ் சார்ஜுக்கே போட்ட வரி. அந்த 193 ரூபாய்க்குப் பதில் பரிமாறியவர் கையில் 150 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கும் மிச்சம், அவருக்கும் முழுசாகப் போய்ச் சேரும்.

நீக்கச் சொல்லும்போது பரிமாறியவரிடம் சொல்லாதீர்கள். பில்லை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவது மட்டும் நடக்கும். கேஷ் கவுன்ட்டருக்கோ மேனேஜரிடமோ போய்ச் சொல்லுங்கள்: “அண்ணா, இந்த சர்வீஸ் சார்ஜ் லைனை எடுத்துட்டு பில்லை மறுபடி அடிச்சுக் குடுங்க. சர்வ் பண்ணவருக்கு நாங்க கையிலயே குடுத்துடறோம்.” பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பேனாவால் அடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஜிஎஸ்டி தொகையும் மாற வேண்டும் என்பதால் புது பில்தான் சரி. சர்வீஸ் சார்ஜைக் கட்டிவிட்டீர்கள் என்றால் அதற்கு மேல் டிப்ஸ் கொடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை.

எவ்வளவு கொடுப்பது? மேஜைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில், வரிக்கு முந்தைய தொகையில் ஐந்து முதல் பத்து சதவீதம். கூட்டம் நெரியும் மே மாதத்தில் குழந்தைக்குத் தனியாகக் காரமில்லாமல் செய்து கொண்டுவந்தவருக்குப் பத்து சதவீதமே கொடுங்கள். டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் இடம், பேக்கரி, டீக்கடை, அரசு கேன்டீன் ஆகியவற்றில் டிப்ஸ் தேவையில்லை. மெஸ்ஸில் இலை எடுப்பவருக்கு இருபது ரூபாய் கொடுத்தால் நல்லது. சப்ளையருக்குக் கிடைப்பதில் அவருக்குப் பங்கு வருவதில்லை.

தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் கூடுதலாக விலை வைக்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்படியும் இரண்டு மலைகளிலும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவருவதுதான் வழி.

படி 4: விடுதியிலும் ஹோம்ஸ்டேயிலும்

புக் செய்யும்போதே இவற்றைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்: வாடகை வரியோடா, வரி இல்லாமலா, ரூம் ஹீட்டர், எக்ஸ்ட்ரா பெட், கேம்ப் ஃபயர் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா, கேம்ப் ஃபயரில் விறகு அடங்குமா, ரூமுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் தட்டுக் கட்டணம் உண்டா, வெந்நீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவில் தங்குபவர்களுக்கு “காலா டின்னர்” என்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்க்கும் விடுதிகள் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டிக்கும் அதே தொகைதான். டிசம்பர் 24, 31 தேதிகளுக்கு புக் செய்தால் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அறை சுத்தம் செய்பவருக்கான டிப்ஸைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்கக் கூடாது. ஷிஃப்ட் மாறும், முதல் நாள் ஈரக் கம்பளத்தை மாற்றிக் காய வைத்தவர் நீங்கள் கிளம்பும் நாளில் விடுப்பில் இருப்பார். தினமும் கொடுங்கள், நேரில் கொடுங்கள். மேஜையில் வைத்துவிட்டுப் போனால் அது மறந்துபோன பணமா, தனக்கு வைத்ததா என்று அவருக்குத் தெரியாது. பல விடுதிகளில் அறையில் கிடைக்கும் பணத்தை ரிசப்ஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆளைப் பார்க்க முடியாவிட்டால் ஒரு தாளில் “ரூம் கிளீன் பண்ணுறவங்களுக்கு, நன்றி” என்று எழுதி அதன் மேல் வையுங்கள்.

ரிசப்ஷனில் டிப்ஸ் பெட்டி இருந்தால் “இது யாருக்கெல்லாம் பிரியும்?” என்று கேளுங்கள். சமையலறை, பாய்லர், துணி துவைக்கும் இடம், தோட்டம் எல்லாவற்றுக்கும் என்றால் கிளம்பும்போது நூறோ இருநூறோ அதில் போடலாம். பதில் மழுப்பலாக வந்தால் போடாதீர்கள், நேராகக் கொடுங்கள்.

கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் பங்களாக்களிலும் பூம்பாறை, வட்டக்கானல் பக்கத்து ஹோம்ஸ்டேக்களிலும் முறை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு சமையல்காரரும் ஒரு கேர்டேக்கரும்தான் எல்லாம். வீட்டுக்காரரே சமைத்துப் பரிமாறினால் அவருக்கு டிப்ஸ் நீட்டுவது சங்கடம். குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் மனம் நிறைந்து சொல்லிவிட்டு வரலாம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் குடும்பத்துக்கு நாளுக்கு 200 முதல் 300 வரை சமையல்காரருக்கும் 100 கேர்டேக்கருக்கும் கொடுப்பது முறை. இருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். “ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க” என்று ஒருவர் கையில் கொடுத்தால், பிரிப்பதில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: குளிர் தாங்கவில்லை என்றால் ரூம் பாய் நல்ல எண்ணத்திலேயே கரி அடுப்பு கொண்டுவந்து வைக்க முன்வரலாம். டிப்ஸுக்காகவும் செய்வார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பார்பிக்யூ அடுப்பு அணைந்துவிட்டது என்று உள்ளே கொண்டுவந்து வைத்தாலும் அதே ஆபத்துதான். கூடுதல் கம்பளி கேளுங்கள், அதற்கு ஐம்பது ரூபாய் கொடுங்கள்.

படி 5: வாடகைக் காரும் டிரைவரும்

பேட்டா வேறு, டிப்ஸ் வேறு. பேட்டா வாடகையின் ஒரு பகுதி. டிரைவரின் சாப்பாட்டுக்கும் நாள் செலவுக்கும் ஆனது. கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வண்டி எடுக்கும்போது கேட்க வேண்டியவை: கிலோமீட்டருக்கு எவ்வளவு, நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், பேட்டா எவ்வளவு, ஹில்ஸ் சார்ஜ் உண்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு. பேட்டாவைக் காலண்டர் நாள் கணக்கில் போடுவார்களா என்பதையும் கேளுங்கள். இரவு பதினொன்றுக்குக் கிளம்பி காலை ஆறுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு நாள் பேட்டா கேட்பார்கள். முன்பே பேசாவிட்டால் கடைசி நாள் தகராறு இதில்தான் வரும்.

டிப்ஸ், நாளுக்கு 200 முதல் 300. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூடுபனியில் வத்தலக்குண்டு மலைச் சாலையிலும் அவசரப்படாமல் ஓட்டியவருக்கு 300-க்குக் குறைக்காதீர்கள்.

அதைவிட முக்கியம் அவர் தூங்கும் இடம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். டிரைவர் ரூம் இல்லாத விடுதி என்றால் அவர் வண்டிக்குள்தான் படுப்பார். கண்ணாடியை ஏற்றி இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டால் மேலே சொன்ன அதே வாயு ஆபத்து இங்கும் உண்டு. மறுநாள் உங்கள் குடும்பத்தை மலைப்பாதையில் இறக்கப்போவது தூங்காத அவர்தான். புக் செய்யும்போதே டிரைவர் ரூம் கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்தில் ஒரு படுக்கைக்குப் பணம் கொடுங்கள். டிப்ஸைக் குறைத்தாவது இதைச் செய்யலாம்.

சாக்லேட் கடை, தைலக் கடை, டீ ஃபேக்டரி என்று வண்டி தானாக நிற்கும் இடங்களில் பல நேரம் டிரைவருக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷன் நீங்கள் வாங்கும் பொருளின் விலையிலேயே சேர்ந்திருக்கும். டிரைவரைக் குறை சொல்வதில் பயனில்லை. சம்பளம் போதாததால் வந்த பழக்கம். முதல் நாள் காலையே பேசிவிடுங்கள்: “அண்ணா, கடை எதுக்கும் போக வேணாம். அதுக்கு பதிலா ஒரு நாளைக்கு நூறு ரூபா சேத்துக் குடுத்துடறோம்.” நேரமும் மிச்சம், பணமும் மிச்சம்.

படி 6: படகு, குதிரை, கைடு

ஊட்டி, பைக்காரா படகு இல்லங்களில் டிக்கெட் கவுன்ட்டரில்தான் பணம். டிக்கெட்டில் படகோட்டிக்கான தொகை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் துடுப்புப் போட்டவருக்கு 50 கொடுப்பது நல்லது, கொடுக்காவிட்டால் தவறில்லை. ஏரி நடுவில் நிறுத்தி “பாத்துக் குடுங்க சார்” என்று கேட்டால், “கரைக்குப் போய்க் குடுக்கறோம்” என்று சொன்னால் போதும்.

குதிரையில்தான் பேரம் குழம்பும். விலை ஒரு குதிரைக்கா ஒரு ஆளுக்கா, எந்த இடம் வரை, போய்வரவா, போட்டோவுக்குத் தனியா ஆகியவற்றை ஏறும் முன் பேசுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். “ஒரு ரவுண்டு” என்றால் முழு ஏரியா, பாதியில் திரும்புவதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குதிரையைப் பிடித்து நடந்து வருபவர் பல நேரம் உரிமையாளர் அல்ல, கூலிக்கு வருபவர். அவருக்குத் தனியாக 50.

மலையேற்றத்துக்கு வரும் உள்ளூர் கைடுக்குப் பேசிய கூலியில் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுங்கள். அட்டை கடித்த காலுக்கு உப்பு போட்டு, தடுமாறிய அம்மாவைக் கைபிடித்து இறக்கியவருக்கு இருபது சதவீதம்கூட அதிகமில்லை.

படி 7: கொடுக்கவே கூடாத இடங்கள்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அது இலவசம். சீசனில் நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால், “நான் எடுத்துத் தர்றேன்” என்று பணம் கேட்பவர்கள் வழியில் நிற்கக்கூடும். செல்போனிலேயே அரசுத் தளத்தில் பதிவு செய்யலாம். டிஎன் 43 பதிவு எண் கொண்ட நீலகிரி வண்டிகளுக்கும் அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் அங்கே இது தேவையில்லை.

சோதனைச் சாவடியிலும் வனத்துறை அலுவலகத்திலும் ரசீது இல்லாத ரூபாய் எதுவும் டிப்ஸ் ஆகாது, லஞ்சம்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளி. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். அன்றைய சீட்டு முடிந்தது என்றால் முடிந்ததுதான். பந்திப்பூர் வழி சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மசினகுடியில் “நைட் சஃபாரி” என்று தனியார் ஜீப் கூப்பிட்டால் ஏறாதீர்கள். அதற்கு அனுமதி கிடையாது, பிடிபட்டால் வழக்கு. தெப்பக்காடு யானைகள் முகாமில் பணம் நீட்டி யானையைத் தொடக் கேட்காதீர்கள்.

படி 8: சர்வீஸ் சார்ஜை நீக்க மறுத்தால்

குடும்பத்தோடு நின்று சத்தம் போட வேண்டாம். பணத்தைக் கட்டிவிடுங்கள், ஆனால் கார்டிலோ யுபிஐயிலோ கட்டுங்கள். பில்லின் இரு பக்கத்தையும் மெனுவில் சர்வீஸ் சார்ஜ் எழுதிய பக்கத்தையும் படம் எடுங்கள். தெர்மல் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். படம் இல்லாவிட்டால் சான்று போய்விடும். மேனேஜரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் கொடுக்கலாம். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குக்கு முந்தைய சமரசம் இது. இங்கேயே பணம் திரும்பி வந்துவிடலாம்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஊட்டியில் நடந்தது என்றால் நீலகிரி மாவட்டம், கொடைக்கானல் என்றால் திண்டுக்கல் மாவட்டம். ஆனால் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில் போடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.